பி.காம் படிப்பு, டர்பனில் வேலை: எம்பிஏ நுழைவுத் தேர்வுக்கு எங்கிருந்து தொடங்குவது?

டர்பன் ஓவர்போர்ட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "திருநெல்வேலியில் பி.காம் முடித்தேன். பத்தாவது வரை தமிழ் வழிதான். கல்யாணமாகி இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. ஐந்து வருடமாகத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எம்பிஏ படிக்க ஆசை. ஊரில் அண்ணன் கேட் எழுதச் சொல்கிறார். அலுவலகத்தில் ஜிமேட் என்கிறார்கள், சிலர் ஜிஆர்இ என்கிறார்கள். கணக்குப் பாடத்தைத் தொட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. நான்கு வயதில் பையன் இருக்கிறான். எதை எழுதுவது, எப்படிப் படிப்பது?"

கேட் (CAT) என்பது ஐஐஎம் போன்ற இந்திய மேலாண்மைக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு. ஜிமேட் (GMAT), ஜிஆர்இ (GRE) இரண்டும் பல நாட்டுக் கல்லூரிகள் ஏற்கும் தேர்வுகள். புத்தகம் வாங்குவதற்கு முன்னால் உங்கள் பட்டம் இங்கே எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் படிப்புகளை என்கியூஎஃப் என்ற பத்துப் படிநிலைகளில் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். எம்பிஏ ஒன்பதாம் படி. அதில் சேர எட்டாம் படியில் ஒரு தகுதி கேட்பார்கள். மூன்று வருடப் பட்டம் ஏழாம் படிதான். நான்கு வருடம் பி.இ. படித்துவிட்டு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது. பி.காம், பி.எஸ்சி. படித்த நம்மவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். என்னிடம் கணக்குக் கற்றுக்கொண்ட ஒருவர் ஆறு மாதம் ராப்பகலாகப் படித்து ஜிமேட்டில் நல்ல மதிப்பெண் வாங்கினார். விண்ணப்பம் போட்ட பிறகுதான் பட்டம் போதாது என்று தெரிந்தது. அவர் முகம் வாடியதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். முதல் நாளே அவரிடம் இதைக் கேட்காமல் விட்டது என் தவறு.

ஆகவே உங்கள் பட்டத்தையும் மதிப்பெண் பட்டியல்களையும் சாக்வாவின் (SAQA) மதிப்பீட்டுக்கு இப்போதே அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டுப் பட்டத்தை இங்குள்ள படிநிலையோடு ஒப்பிட்டுச் சான்றிதழ் தரும் அமைப்பு அதுதான். ஏழாம் படி என்று வந்தால் ஒரு வருட முதுநிலை டிப்ளமா படித்து எட்டாம் படிக்கு ஏறலாம். வேலை அனுபவத்தைத் தகுதியாக ஏற்கும் ஆர்பிஎல் வழியும் உண்டு. ஆனால் அதில் எடுக்கும் இடங்கள் குறைவு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் டிப்ளமாவைத்தான் நம்புவேன்.

அடுத்து, எந்தத் தேர்வு? இங்கே எல்லா எம்பிஏவுக்கும் ஜிமேட் வேண்டும் என்று கட்டாயமில்லை. சில கல்லூரிகள் தாங்களே ஒரு தேர்வு வைக்கின்றன, சில வேலை அனுபவத்தையும் நேர்காணலையும் பார்த்தே எடுத்துக்கொள்கின்றன. வெஸ்ட்வில்லில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம், ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ், கேப் டவுன் பக்கம் ஸ்டெல்லன்போஷ் என்று நீங்கள் மனதில் வைத்திருக்கும் இரண்டு மூன்று இடங்களின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி, அடுத்த சேர்க்கைக்கு என்ன கேட்கிறார்கள் என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வே கேட்காத இடம்தான் உங்கள் முதல் விருப்பம் என்றால், தேர்வுக்குத் தயாராகச் செலவாகும் நான்கு மாத உழைப்பை டிப்ளமாவில் போடுங்கள்.

அண்ணன் சொல்லும் கேட் உங்களுக்குப் பொருந்தாது. அது வருடத்துக்கு ஒரு முறை, நவம்பர் கடைசி வாக்கில், இந்திய நகரங்களில் மட்டும் நடக்கிறது. மதிப்பெண்ணும் அந்த ஒரு சேர்க்கைக்குத்தான் செல்லும். வேலையை விட்டுவிட்டு இந்தியா திரும்பி இரண்டு வருடம் முழுநேரம் படிப்பவருக்குத்தான் அது. ஐந்து வருட அனுபவத்தோடு இந்தியாவில் படிக்கத் தோன்றினாலும், ஹைதராபாத் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) கல்லூரியும் அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஐஐஎம்களின் ஒரு வருடப் படிப்புகளும் ஜிமேட், ஜிஆர்இ மதிப்பெண்ணை ஏற்கின்றன.

ஜிமேட், ஜிஆர்இ இரண்டில் உங்களுக்கு ஜிமேட் என்றுதான் சொல்வேன். ஜிஆர்இயில் அரிதான ஆங்கிலச் சொற்களை ஏராளமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தமிழ் வழியில் படித்து, வேலைக்கு நடுவே தயாராகிறவருக்கு அது பெரிய பாரம். கட்டுரை வேறு எழுத வேண்டும், வடிவியலும் உண்டு. 2024 பிப்ரவரி முதல் ஜிமேட் புதிய வடிவத்தில் மட்டுமே நடக்கிறது. அதில் வடிவியல், கட்டுரை, இலக்கணத் திருத்தம் மூன்றும் கிடையாது. கணக்கு 21 கேள்வி, ஆங்கிலம் 23, தரவு அலசல் 20. பகுதிக்கு 45 நிமிடம், ஆக மொத்தம் இரண்டேகால் மணி நேரம். மதிப்பெண் 205 முதல் 805 வரை. அட்டவணையும் வரைபடமும் பார்த்துப் பதில் சொல்லும் தரவு அலசல், தினமும் சரக்குக் கணக்கு பார்க்கிற உங்களுக்குச் சொந்த வீடு மாதிரி.

இனி படிப்பு. பலரும் கணக்கைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். சூத்திரங்கள் எல்லாம் பத்தாம் வகுப்பு அளவுதான்: சதவீதம், விகிதம், எண்களின் இயல்பு, சமன்பாடு, வேகமும் நேரமும், கொஞ்சம் நிகழ்தகவு. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தரவு அலசல் பகுதியில் வரும் வகையில் ஒரு சின்னக் கேள்வியைக் காட்டுகிறேன்.

மாம்பழப் பெட்டி 60 ராண்ட், லிச்சிப் பெட்டி 90 ராண்ட். ஒருவர் இரண்டும் வாங்கினார். மாம்பழப் பெட்டி எத்தனை? தகவல் ஒன்று: மொத்தம் 210 ராண்ட் கொடுத்தார். தகவல் இரண்டு: மொத்தம் மூன்று பெட்டிகள். பதில் கண்டுபிடிக்க எந்தத் தகவல் போதும்?

நீங்கள் என்ன நினைத்தீர்கள்? தெரியாதவை இரண்டு, ஆகவே சமன்பாடும் இரண்டு வேண்டும், இரண்டு தகவலும் சேர்ந்தால்தான் முடியும் என்று தோன்றியிருக்கும். பள்ளியில் நமக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் பெட்டியைப் பாதியாக வெட்டி யாரும் விற்பதில்லை. 210 ராண்டுக்கு லிச்சி ஒன்று, மாம்பழம் இரண்டு என்பதைத் தவிர வேறு வழியே இல்லை. முதல் தகவல் மட்டுமே போதும். சரி, தொகை 390 ராண்ட் என்றால்? மாம்பழம் ஐந்து லிச்சி ஒன்று என்றும் வரும், மாம்பழம் இரண்டு லிச்சி மூன்று என்றும் வரும். இப்போது முதல் தகவல் போதாது. சூத்திரம் மாறவில்லை, தொகை மட்டும்தான் மாறியது. ஜிமேட் பரிசோதிப்பது இந்த நிதானத்தைத்தான்.

அதனால்தான் நூறு கேள்வி போட்டேன், இருநூறு போட்டேன் என்று எண்ணிக்கை சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். ஒரு நோட்டுப் போடுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் அதில் மூன்று வரி: நான் என்ன நினைத்தேன், எந்த இடத்தில் வழுக்கினேன், அடுத்த முறை எதைக் கண்டதும் உஷாராக வேண்டும். 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதாதீர்கள், அதனால் ஒன்றும் விளங்காது. 'பெட்டி முழு எண் என்பதை மறந்தேன்' என்று எழுதுங்கள். சரியாக வந்தும் நான்கு நிமிடம் தின்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் நாற்பது தவறுகளும் ஐந்தாறு வகைக்குள் அடங்குவதைப் பார்ப்பீர்கள். அந்த ஐந்தாறைத் திருத்துவதுதான் உங்கள் பாடத்திட்டம்.

கணக்குப் பகுதியில் கால்குலேட்டர் தர மாட்டார்கள், தரவு அலசலில் மட்டும் திரையில் ஒன்று உண்டு. எக்செல் பழகிய கைக்கு இது திணறலாக இருக்கும். நம் தாத்தா பாட்டிகளின் பின்ன வாய்ப்பாடு இங்கே கை கொடுக்கும். அரைக்கால் (1/8) என்றால் 12.5 சதவீதம், மாகாணி (1/16) 6.25, மா (1/20) என்றால் 5, காணி (1/80) 1.25. முக்காலே அரைக்கால் (7/8) 87.5. இதையும் இருபதாம் வாய்ப்பாடு வரைக்கும் பையனைத் தூங்கவைக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தாலே நாவில் ஏறிவிடும்.

ஆங்கிலப் பகுதியில் பத்தி வாசிப்பும் தர்க்கமும்தான். தர்க்கத்துக்கு உங்கள் அலுவலகத்திலிருந்தே ஓர் உதாரணம்: 'புது மென்பொருள் வாங்கிய மாதத்தில் சரக்கு விடுவிப்புத் தாமதம் குறைந்தது, ஆகவே மென்பொருள்தான் காரணம்.' இதை எது பலவீனப்படுத்தும்? அந்த மாதம் வந்த கன்டெய்னர்களே குறைவு என்ற தகவல். யாராவது 'ஆகவே' என்று சொன்னவுடன் 'வேறு காரணம் இருக்கலாமா' என்று கேட்டுப் பழகுங்கள். தமிழில் யோசித்தாலும் பரவாயில்லை. வாசிப்பு வேகத்துக்குத் தினமும் இருபது நிமிடம் ஆங்கிலத்தில் பொருளாதாரக் கட்டுரை ஒன்றைப் படியுங்கள்.

உங்களுக்கு நான்கு மாதம் தேவைப்படும். விடியற்காலை ஒன்றரை மணி நேரம், சனிக்கிழமை மூன்று மணி நேரம், ஞாயிறு வீட்டுக்கு. அந்தச் சனிக்கிழமை பையனை உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். இதை முதல் வாரமே பேசி முடிவு செய்யுங்கள். தேர்வை நடத்துகிறவர்களின் தளத்தில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகள் இலவசம். ஒன்றைத் தொடக்கத்திலேயே, தயாரிப்பே இல்லாமல் எழுதிப் பாருங்கள். மதிப்பெண் குறைவாக வந்தால் மனம் உடைய வேண்டாம், எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான் அது. இன்னொன்றைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்திருங்கள்.

ஒரு கேள்விக்குக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு நிமிடம்தான். இரண்டரை நிமிடம் தாண்டியும் வழி தெரியாவிட்டால் ஏதாவது ஒரு விடையைத் தேர்ந்தெடுத்து, குறியிட்டுவிட்டு நகருங்கள். பகுதி முடிவில் நேரம் மிஞ்சினால் திரும்பிப் போய் மூன்று விடைகள் வரை மாற்றலாம். கடைசிக் கேள்விகளைத் தொடாமல் விடுவதால் வரும் நஷ்டம், நடுவில் ஒன்று தவறுவதைவிடப் பெரியது. நம் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கை விட்டுவிட்டுப் போவது மானக்கேடு போலத் தோன்றுகிறது. அந்தக் கூச்சத்தைப் பயிற்சியிலேயே உதறிவிடுங்கள்.

வீட்டிலிருந்தபடியும் எழுதலாம் என்றாலும், மின்சாரமோ இணையமோ நடுவில் போனால் வீண் பதற்றம். நேரில் தேர்வு மையத்துக்கே போங்கள். பதிவு செய்யும்போது பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இனிஷியல் வைக்கும் நமக்கு இங்கேதான் தொல்லை: பட்டத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்திருந்தால் கணவர் பெயர். பெயர் பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டணமும் போய்விடும்.

தேதியைப் பொறுத்தவரை, கல்லூரியின் கடைசி நாளுக்கு ஆறேழு வாரம் முன்னால் போடுங்கள். மறுபடி எழுத வேண்டி வந்தால் குறைந்தது 16 நாள் இடைவெளி விட வேண்டும். மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும் என்பதால், நீங்கள் விரும்பும் கல்லூரி ஜிமேட் கேட்கிறது என்று உறுதியானால் டிப்ளமாவில் சேருவதற்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள். வேலை, பையன், டிப்ளமா மூன்றோடு நான்காவதாக இதையும் சுமக்க வேண்டாம்.