கையை மடக்குமுன் பேனாவைக் கீழே வையுங்கள்

வெக்டர்களின் (அளவோடு திசையும் உள்ளவை) குறுக்குப் பெருக்கலில் எனக்கு எப்போதும் விடையின் திசை தலைகீழாகவே வருகிறது. வலக்கை விதி மனப்பாடம். பிறகு ஏன் சார்?
(பிளஸ் ஒன் மாணவி, பாளையங்கோட்டை)

பரீட்சையில் எந்தக் கையை மடக்கினாய் என்று யோசித்துப் பாரம்மா. பல வருடம் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றிருக்கிறேன். வலக்கையில் பேனா இருக்கும். அதைக் கீழே வைக்க நேரமில்லாமல், சும்மா இருக்கிற இடக்கையைத் தூக்கி மடக்கிப் பார்ப்பார்கள். கணக்கெல்லாம் சரியாக இருக்கும், குறி மட்டும் தப்பிவிடும். அப்படிப் போன மதிப்பெண்ணை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

பேனாவை வை. வலக்கை விரல்கள் முதல் வெக்டரின் திசையில் நீளட்டும். மடக்கினால் இரண்டாவது வெக்டரை நோக்கிப் போகும்படி மணிக்கட்டைத் திருப்பிக்கொள். இடையில் உள்ள சிறிய கோணத்தின் வழியாகத்தான் மடக்க வேண்டும். பெருவிரல் காட்டும் பக்கம்தான் விடை. வரிசையை மாற்றினால் விடையும் கவிழ்ந்துவிடும்.

வலக்கைக்குப் பதில் இடக்கையை எடுத்தால் இயற்பியலே மாறிவிடுமா?
(வாசகர், வள்ளியூர்)

மாறாது. இது நாம் வைத்துக்கொண்ட வழக்கம். எல்லாரும் இடக்கைக்கு மாறினால் காந்தப்புலத்தின் அம்புக்குறி திரும்பும். அந்தப் புலம் மின்னோட்டம் ஓடும் கம்பியைத் தள்ளும் விசையைக் காண இன்னொரு தடவை கையை மடக்குகிறோமே, அங்கே மறுபடியும் திரும்பிப் பழைய திசைக்கே வந்துவிடும்.

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர்ச் சக்கரத்தின் கோணத் திசைவேகம் எந்தப் பக்கம்?
(பிளஸ் டூ மாணவர், திருநெல்வேலி டவுன்)

அருமையான கேள்வி தம்பி. கோணத் திசைவேகம் என்பது சுழற்சியின் வேகத்தை அச்சின் வழியே காட்டும் அம்புக்குறி. சக்கரத்தின் மேல்விளிம்பு முன்னே போகிறது. அந்தச் சுற்றிலேயே வலக்கை விரல்களை மடக்கு. பெருவிரல், தேர் போகும் திசைக்கு இடப்பக்கமாக நீளும். தேர் கோயிலை வலம் வருவதால் கோயில் எப்போதும் வலப்புறம். எனவே விடை வெளிப்புறத்து வீடுகளைப் பார்த்திருக்கும். கீழ ரத வீதியில் தேர் தெற்கே போகையில் அது கிழக்கு. தெற்கு ரத வீதிக்குள் மேற்கே திரும்பியதும் அதுவே தெற்கு. சக்கரம் அதே வேகத்தில் உருண்டாலும் வெக்டர் மாறிவிட்டது, பார்த்தாயா?

தண்ணி மோட்டார் எதிர்ச்சுற்று சுத்துனா, மூணு பேஸ்ல ரெண்டை மாத்திப் போடுவோம். அதுக்கும் கை விதி உண்டா?
(ரீவைண்டிங் கடைக்காரர், சங்கரன்கோவில்)

உண்டு அண்ணாச்சி. காயிலில் கரண்ட் சுற்றும் வழியே வலக்கை விரல்களை மடக்கினால், பெருவிரல் பக்கம் வடதுருவம். மூன்று பேஸும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்கு வருவதால் அந்தத் துருவம் சுற்றுகிறது. இரண்டை மாற்றினால் வரிசை கவிழ்ந்து, துருவம் எதிர்ப்பக்கம் சுற்றும்; ரோட்டரும் (மோட்டாரின் சுழலும் பாகம்) அதன் பின்னாலேயே போகும்.

படத்தில் திசை 'தாளுக்குள்ளே', 'தாளுக்கு வெளியே' என்றால் பிள்ளைகள் திணறுகிறார்கள். நம் ஊரை வைத்தே சொல்லித்தர வழி உண்டா?
(ஆசிரியை, அம்பாசமுத்திரம்)

இதற்கு நம் சீமை போல வாய்ப்பான இடம் அரிது டீச்சர். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதால், இங்கே புவிக்காந்தப் புலம் ஏறக்குறையக் கிடைமட்டமாக வடக்கு நோக்கி இருக்கிறது. அளவு சுமார் 40 மைக்ரோ டெஸ்லா.

பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். வலக்கை விரல்களைக் கிழக்கே நீட்டட்டும். அது கம்பியில் ஓடும் நேர்திசை மின்னோட்டம். (எலக்ட்ரான் ஓடும் திசையைப் பிடித்துவிடக் கூடாது, அது எதிர்ப்பக்கம்.) அப்படியே வடக்கே மடக்கட்டும். பெருவிரல் வானத்தைக் காட்டும். 10 ஆம்பியர் ஓடும் ஒரு மீட்டர் கம்பியைப் பூமி 0.0004 நியூட்டன் விசையால் மேலே தூக்குகிறது.

தலைக்கு மேலேயும் ஒரு கம்பி உண்டு. பகலில் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், அயனி மண்டலத்தில் கிழக்கு நோக்கி மின்தாரை ஒன்று ஓடுகிறது. இப்போது பெருவிரல் கிழக்கே இருக்க, கம்பியைப் பிடிப்பது போல மற்ற விரல்களை வளைக்க வேண்டும். தாரைக்கு அடியில் புலம் வடக்கே சுற்றும். பூமியின் புலத்தோடு அது சேர்ந்துகொள்வதால் நண்பகலை ஒட்டி இங்கே புலம் கூடுகிறது. சிற்பங்களுக்குப் பேர்போன நம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் இந்த இட விசேஷத்தால்தான்.

சில நாள் பகலிலேயே தாரை மேற்கே திரும்பிவிடும். அன்றைக்குப் புலம் கூடுமா குறையுமா என்று பிள்ளைகள் பெருவிரலைத் திருப்பிப் பார்த்துச் சொல்லட்டும்.