ஹாங்காங் குங்ஃபூ படங்களில் சண்டை மட்டும் ஏன் அப்படித் தனியாகத் தெரிகிறது? அது உலகம் முழுக்க எப்படிப் போனது?

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்யாண வீடியோ எடிட் செய்பவன். முகூர்த்த நேரத்தில் மூன்று கேமரா ஓடும். எந்த இடத்தில் எதை வெட்டி எதை ஒட்டுவது என்பதுதான் எனக்கு நாள் முழுக்க வேலை. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குக் கத்திரிதான் ஞாபகம் வந்தது.

ஜாக்கி சான் படத்தைத் தமிழ் டப்பிங்கில் டிவியில் பார்த்துவிட்டு, மொட்டை மாடியில் தம்பியை உதைத்து, அம்மாவிடம் விளக்குமாற்றடி வாங்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். இரண்டு வருடம் முன்பு ஒரு ராத்திரி, ரெண்டர் (எடிட் செய்ததைக் கம்ப்யூட்டர் முழு வீடியோவாக மாற்றும் வேலை) முடியும்வரை சும்மா உட்கார முடியாமல், அவருடைய பழைய சண்டை ஒன்றை இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். லாங் ஷாட்டில் கால் போய் எதிராளியின் நெஞ்சில் படுகிறது. அடுத்து குளோசப். அது கால் பட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை. இரண்டு மூன்று ஃபிரேம் பின்னால் போய், கால் இன்னும் நெஞ்சைத் தொடாத நிலையிலிருந்து தொடங்குகிறது. ஆக ஒரே உதை இரண்டு முறை விழுகிறது! எடிட்டிங் கணக்குப்படி இது தப்பு. ஓடவிட்டுப் பார்த்தால் தப்பே தெரியவில்லை. அடி கனமாக விழுந்த மாதிரிதான் இருக்கிறது. சரியாகப் படும் நொடியில் வெட்டிவிட்டால் அடியைக் கண் பார்ப்பதே இல்லை, சத்தம் மட்டும்தான் காதில் விழுகிறது.

இப்படி வெட்டச் சொன்னது யார்? சண்டையை அமைத்த ஆள்தான். ஹாங்காங்கில் ஃபைட் மாஸ்டர் நடிகர்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நிற்பதில்லை. கேமராவை எங்கே வைப்பது, எந்த வேகத்தில் ஓட்டுவது, எங்கே வெட்டுவது என்பதிலும் அவர் கை இருக்கும். என்னைக் கேட்டால் பாதி ரகசியம் இதுதான்.

மீதிப் பாதி, அந்த உடம்புகள் எங்கிருந்து வந்தன என்பது. தென்சீனாவில் கான்டன் (இன்றைய குவாங்சோ) நகரத்துப் பக்கத்தில் ஃபோஷான் என்று ஓர் ஊர். அங்கே பிறந்தவர் வோங் ஃபெய்-ஹுங். 'ஹுங் கார்' என்ற குங்ஃபூ முறையில் ஆசான், வைத்தியரும்கூட. நம்மூர் சிலம்பாட்ட ஆசான்கள் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவார்களே, அந்த மாதிரி. 1925-ல் இறந்துபோனார். அவரைப் பற்றி 1949-ல், ஹாங்காங் மக்கள் பேசும் கான்டனீஸ் மொழியில் ஒரு படம் வந்தது. க்வான் டக்-ஹிங் என்ற கூத்து நடிகர்தான் வோங். அதே வேடத்தில் அவர் 70 படங்களுக்கு மேல் நடித்துத் தள்ளினார். அதுவரை இந்த வகைப் படங்களில் கையிலிருந்து ஒளி பாயும், வாள் தானாகப் பறக்கும். இங்கேதான் நிஜ அடிமுறை திரையில் நிலைத்தது. வோங்கின் சீடர் லாம் சாய்-விங். அவருடைய சீடர் லாவ் சாம், இந்த வரிசைப் படங்களில் தன் குருவின் வேடத்திலேயே நடித்தார். லாவ் சாமின் மகன்தான் 1978-ல் 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' எடுத்த லாவ் கார்-லியுங். அதில் கதாநாயகன் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டித் தண்ணீர் வாளி சுமப்பான். கையைத் தாழ்த்தினால் விலாவில் குத்தும்படி புஜத்தில் கத்தி கட்டியிருக்கும். பயிற்சியையே கதையாக்கும் துணிச்சல், ஆசான் வீட்டில் பிறந்தவனுக்குத்தான் வரும்.

(போதிதர்மரை இழுக்க வருபவர்களுக்கு: அவர் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார் என்ற கதை அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டு கழித்துத்தான் எழுத்தில் வருகிறது. கமென்டில் சண்டை வேண்டாம்.)

இன்னொரு கூட்டம் பீக்கிங் இசைநாடகப் பள்ளியிலிருந்து வந்தது. ஜாக்கி, சாமோ ஹங், யூன் பியாவ் மூவரும் யூ ஜிம்-யுன் என்ற வாத்தியாரிடம் வளர்ந்தவர்கள். நம் பழைய நாடக பாய்ஸ் கம்பெனி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: அங்கேயே சாப்பாடு, அங்கேயே பாய், தலைகீழாக நிற்பது, பிரம்படி. இவர்கள் ஆளாகும்போது மேடைக்கு மவுசு போய்விட்டது. பிழைக்க வழியில்லாமல் சினிமாவில் டூப் போட வந்தார்கள். புரூஸ் லீயின் 'என்டர் த டிராகன்' படத்தில் கழுத்து முறிபடும் அடியாட்களில் ஒருவர் ஜாக்கி. அதே படத்தின் தொடக்கத்தில் லீயுடன் மோதும் குண்டு ஆள் சாமோ.

புரூஸ் லீயைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் ஒன்றே ஒன்று. அப்பா கான்டனீஸ் கூத்து நடிகர், குரு கான்டனீஸ்காரரான இப் மேன், வீட்டுப் பேச்சும் கான்டனீஸ். ஆனாலும் அவருடைய ஹாங்காங் குங்ஃபூ படங்கள், சீனாவின் பொதுமொழியான மாண்டரின் குரலில்தான் முதலில் வெளிவந்தன! அப்போது கான்டனீஸ் சினிமா படுத்தேவிட்டிருந்தது. 1973-ல் ஒண்டுக்குடித்தனக் கதை ஒன்று கான்டனீஸில் வந்து, அந்த வருடம் ஹாங்காங் வசூலில் 'என்டர் த டிராகனை'யே முந்தியது. சண்டையே இல்லாத சிரிப்புப் படம் அந்த மொழிக்குத் திரையில் உயிர் கொடுத்தது. ஜாக்கியின் குங்ஃபூ காமெடிகள் வந்தது அதன் பிறகுதான்.

உலகம் முழுக்கப் போனது 1973-ல் தொடங்குகிறது. அமெரிக்க நகரங்களின் மலிவான தியேட்டர்களில் இந்தப் படங்கள் ஓடின, கறுப்பின இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். இருபது வருடம் கழித்து வந்த 'வூ-டாங் கிளான்' ராப் குழு, தன் பெயரையே ஒரு குங்ஃபூ படத்திலிருந்துதான் எடுத்தது. 1986-க்குப் பிறகு ஹாங்காங் இயக்குநர் ஜான் வூ அதே தாளக்கட்டில் துப்பாக்கியைச் சுடவைத்தார். அதுவும் ஹாலிவுட் போனது.

1999-ல் ஹாலிவுட்டின் 'மேட்ரிக்ஸ்'. ஃபைட் மாஸ்டர் யூன் வூ-பிங். நடிகர்களைப் பல மாதம் பயிற்சி எடுக்கவைத்துத்தான் ஷூட்டிங்குக்கு வந்தார். ஆனால் ஹாலிவுட்டில் எல்லாரும் ஆளைத் தூக்கிப் பறக்கவைக்கும் ரோப்பை எடுத்துக்கொண்டார்கள், கத்திரியை விட்டுவிட்டார்கள். 1985 'போலீஸ் ஸ்டோரி'யில் ஷாப்பிங் மாலின் உச்சியிலிருந்து, பல்பு சுற்றிய கம்பத்தில் ஜாக்கி சறுக்கி வருகிறார். கை வெந்துபோன அந்தச் சறுக்கலை வெவ்வேறு கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். 1998-ல் ஹாலிவுட் எடுத்த 'ரஷ் ஹவர்' பாருங்கள். அதே ஜாக்கி, ஆனால் ஒவ்வொரு அடியும் பாதியில் வெட்டுப்பட்டுக் கிடக்கும். எனக்கு அது ருசிக்கவே இல்லை.

நம்ம ஊருக்கும் நேரடியாக ஒரு நூல் வருகிறது. யூன் வூ-பிங்கின் அப்பா யூன் சியு-டின், அந்தப் பழைய வோங் ஃபெய்-ஹுங் படங்களில் வேலை பார்த்தவர். பிற்பாடு ஜாக்கிக்குக் குடிகார வாத்தியாராக நடித்த கிழவரும் அவரே. மகன் 2010-ல் நம் 'எந்திரன்' படத்துக்கும் சண்டை அமைத்திருக்கிறார்.

அந்த ராத்திரி ரெண்டர் முடிந்ததும் நான் இன்னொரு காரியமும் செய்தேன். தாலி கட்டும் இடத்தில், குளோசப்பை மூன்று ஃபிரேம் பின்னால் இழுத்துவைத்து வெட்டினேன். மூன்றாவது முடிச்சு இரண்டு முறை விழுகிறது. மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.