இரவும் பகலும் ஓடும் பெட்டி: வாசகர் கேள்வி-பதில்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் 19 வருடம் கணினி அறையைப் பார்த்துக்கொண்டவள் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டு சர்வர் (நம் ஃபைல்களை வைத்துக்கொண்டு இரவும் பகலும் ஓடும் கணினி) பற்றியும் ஆபீஸ் லேப்டாப் பற்றியும்தான். ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மேடம், பழைய டெஸ்க்டாப்பை வீட்டு சர்வராக மாற்றி, குடும்பப் போட்டோக்களை எல்லாம் அதில் வைக்கலாம் என்கிறான் காலேஜ் படிக்கும் மகன். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடுகிறது. கரண்ட் பில் எவ்வளவு கூடும்? (வாசகி, ஈரோடு)

மகனின் யோசனை நல்லது. அந்தப் பெட்டிதான் வேண்டாம். என் வீட்டிலும் 2013-ல் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. பிளக்கில் செருகி வாட் பார்க்கும் சின்ன மீட்டரை வைத்து அளந்தேன். எந்த வேலையும் இல்லாமல் சும்மா நிற்கும்போதே 70 வாட். ஒரு நாளைக்கு 1.68 யூனிட், அறுபது நாளைக்கு 100 யூனிட்டுக்குச் சற்று மேல். 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்களே, அந்த அளவு அத்தனையையும் இந்த ஒரு பெட்டியே இழுத்துக்கொள்ளும். உங்கள் வீட்டுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 420-உடன் 100 சேர்ந்தால் 520. 500-ஐத் தாண்டிவிட்டால், அதற்குள் அடங்கும் வீடுகளுக்கு உள்ள சலுகை விலை போய்விடும். கூடுதலாக ஓடிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும்.

உள்ளங்கை அளவில் மினி பிசி என்று விற்கிறார்கள். இன்டெல் என்100 சிப் போட்டது சும்மா இருக்கும்போது சுமார் 10 வாட்தான் எடுக்கும். இரண்டு மாதத்துக்கு 14, 15 யூனிட். ராஸ்பெர்ரி பை என்ற, ஒரே அட்டையில் அடங்கும் குட்டிக் கணினி இன்னும் குறைவு. போட்டோக்களுக்கு இம்மிச் என்ற இலவச மென்பொருளைப் போடச் சொல்லுங்கள். போன்களில் எடுக்கும் படங்கள் தானாகவே வந்து சேர்ந்துவிடும்.

அப்புறம், கண்டிப்பாக ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். 2012-ல் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போன காலத்தில் எங்கள் ஆலையில் ஜெனரேட்டர் பிடிக்க எடுக்கும் அந்தச் சில நொடிகளில்தான் ஹார்ட் டிஸ்க்குகள் போயின. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் ஃபைல் அரைகுறையாக நின்றுவிடும். இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதினால் போதும் என்று மகன் சொல்லலாம். ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். மாதம் ஒருமுறை தனி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, அதை உங்கள் அம்மா வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

கேள்வி: பெரிய டேட்டா சென்டர்கள் மின்சாரத்தைக் குடிக்கின்றன என்கிறார்கள். அவரவர் வீட்டிலேயே சர்வர் வைத்துக்கொண்டால் நாட்டுக்கு மின்சாரம் மிச்சமாகுமா? (வாசகர், திருநெல்வேலி)

ஆகாது. வீட்டு சர்வர் நாளில் இருபது மணி நேரம் வேலை இல்லாமல் நிற்கும். டேட்டா சென்டரில், அதாவது ஆயிரக்கணக்கான சர்வர்களை ஒன்றாக வைத்து ஓட்டும் கட்டடத்தில், ஒரே எந்திரத்தை நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு வேலைக்கு ஆகும் கரண்ட் என்று பார்த்தால் அங்கேதான் குறைவு. வீட்டு சர்வரின் பலன் வேறு. நம் பொருள் நம் கையில் இருக்கும், மாதச் சந்தா கிடையாது, யாரும் ஒருநாள் கணக்கை முடக்கிவிட முடியாது.

ஆனால் உங்கள் கவலை நியாயமானது. 2024-ல் உலகம் முழுவதும் டேட்டா சென்டர்கள் செலவழித்தது சுமார் 415 டெராவாட் மணி (41,500 கோடி யூனிட்), மொத்த மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டது. கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் அவை ஒரே இடத்தில் குவிகின்றன. அயர்லாந்தில் 2023-ல் மீட்டரில் பதிவான மின்சாரத்தில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போயிற்று. அந்நாட்டு நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அது அதிகம். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் டேட்டா சென்டர்கள் எழும் நேரத்தில் நாமும் இதைக் கேட்டாக வேண்டும்: இடம் தரும்போதே, இவர்களுக்கான மின்சாரம் மாலை ஏழு மணிக்கு எங்கிருந்து வரும் என்று எழுதி வாங்குகிறோமா?

ஏன் ஏழு மணி என்றால், நம் தட்டுப்பாடே நேரத்தில்தான் இருக்கிறது. நண்பகலில் சூரிய மின்சாரம் பொங்கி வழிகிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிடும், எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும் ஓடும். ஆடிக்காற்று இருந்தால் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகள் கைகொடுக்கும். பொள்ளாச்சிக்கு மேலே காடம்பாறையில் மிச்ச மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் 1980-களிலிருந்தே இருக்கிறது. அது போல இன்னும் பல நமக்கு வேண்டும்.

வீடுகளுக்கும் நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பகலில் சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் விலை குறைந்தது 20 சதவீதம் குறைய வேண்டும் என்று மத்திய அரசு 2023-லேயே விதி கொண்டுவந்தது. அதற்கு, எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று குறிக்கும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மொத்த யூனிட்டை மட்டும் குறித்துக்கொண்டு போனால், நான் மோட்டாரைப் பகல் 12 மணிக்குப் போட்டேனா, இரவு 8 மணிக்குப் போட்டேனா என்று யாருக்கும் தெரியாது. நேரம் பார்த்துச் செலவழிப்பவருக்கு இப்போது ஒரு ரூபாய்கூடப் பலனில்லை.

கேள்வி: வெளியூரிலிருந்து பார்க்க வசதியாக என் வீட்டு சர்வருக்கு ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்திருக்கிறேன். கடவுச்சொல் கடினமானதுதான். போதுமா? (வாசகர், ஓசூர்)

போதாது. போர்ட் திறப்பது என்றால், இணையத்திலிருந்து யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர்வரை வர ரவுட்டரில் வாசல் வைப்பது. இன்றைக்கே மூடிவிடுங்கள். 2022 ஜனவரியில் கியூநாப் நிறுவனத்தின் சேமிப்புப் பெட்டிகளை டெட்போல்ட் என்ற கும்பல் தாக்கியது. இணையத்துக்குத் திறந்திருந்த வீட்டுப் பெட்டிகளில் ஃபைல்களைப் பூட்டிவிட்டு, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டார்கள். அவர்கள் கடவுச்சொல்லை ஊகிக்கவில்லை, மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்தார்கள். வெளியிலிருந்து பார்க்க வயர்கார்ட் அல்லது டெயில்ஸ்கேல் போடுங்கள். உங்கள் போனும் சர்வரும் மட்டும் பேசிக்கொள்ளும் தனிப் பாதை அது. ஒரே பொது ஐபி முகவரியை (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பல வீடுகளுக்குப் பங்கிடும் இணைப்புகளில் போர்ட் திறந்தாலும் பலிக்காது, அங்கும் டெயில்ஸ்கேல் வேலை செய்யும்.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை. ஆபீஸ் லேப்டாப்பில் படம் பார்க்கக்கூட விடுவதில்லை. நம்மை நம்பாத மாதிரி இருக்கிறது. இவ்வளவு கெடுபிடி தேவையா? (வாசகி, சென்னை)

உங்கள் வருத்தம் புரிகிறது. இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் ஆபீஸ் பக்கம்தான். லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் காப்பக நிறுவனத்துக்கு 2022-ல் நடந்ததைக் கேளுங்கள். முக்கியமான டிஜிட்டல் சாவிகள் அங்கே நான்கே பொறியாளர்களிடம் இருந்தன. அவர்களில் ஒருவருடைய வீட்டுக் கணினியில் படம், பாட்டுக்கான பிளெக்ஸ் மென்பொருள் பழைய பதிப்பாகவே கிடந்தது. அந்த ஓட்டையை 2020 மே மாதமே அடைத்து அப்டேட் விட்டிருந்தார்கள். அவர் போடவில்லை. அதன் வழியாக நுழைந்தவர்கள் தட்டச்சு செய்வதை எல்லாம் பதிவு செய்யும் நிரலை வைத்து, அவருடைய முதன்மைக் கடவுச்சொல்லையே எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் இருந்த பெட்டகங்களின் நகல்கள் களவு போயின.

அவர் கெட்டவர் இல்லை. வீட்டு வேலையும் ஆபீஸ் வேலையும் ஒரே எந்திரத்தில் கலந்துவிட்டன, அவ்வளவுதான். எங்கள் ஆலையிலும் ஒரு பெண் வீட்டிலிருந்து கொண்டுவந்த பென்டிரைவால் சம்பளக் கணக்கு முழுவதும் பூட்டிக்கொண்டது. சம்பளத் தேதிக்கு மூன்று நாள்தான் இருந்தது. டேப்பில் நகல் இருந்ததால் பிழைத்தோம். அந்தப் பிள்ளை இரண்டு நாள் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே, ஆபீஸ் லேப்டாப்புக்கு ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை (வீட்டின் மற்ற கருவிகளோடு சேராத தனி இணைப்பு) ஒன்றைத் தனியாகக் கொடுங்கள். ஆபீஸ் ஃபைல் எதையும் வீட்டு சர்வரில் நகலெடுக்காதீர்கள். அதில் வாடிக்கையாளர் விவரம் இருந்து வெளியே போனால், 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விழலாம். படத்தை உங்கள் சொந்தக் கணினியில் பாருங்கள்.

கேள்வி: என் சொந்த போனில் கம்பெனி ஆப் போடச் சொல்கிறார்கள். என் போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் பார்ப்பார்களா? (வாசகர், மதுரை)

எந்த முறையில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டில் ஒர்க் புரொஃபைல் என்று ஒரு முறை உண்டு. ஆபீஸ் ஆப்கள் மட்டும் சின்ன பெட்டிச் சின்னத்தோடு தனி அறை மாதிரி இருக்கும். உங்கள் போட்டோவோ சொந்தச் செய்தியோ கம்பெனிக்குத் தெரியாது. வேலையை விட்டால் அந்த அறையை மட்டும் காலி செய்வார்கள். அதற்குச் சம்மதிக்கலாம். போன் முழுவதையும் நிர்வகிப்போம் என்றால் அது வேறு கதை, மொத்தத்தையும் அழிக்கும் அதிகாரம் அவர்களிடம் போய்விடும். "ஒர்க் புரொஃபைல்தானே?" என்று ஐடி ஆட்களிடம் மெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று வந்தால், ஆபீஸ் போன் ஒன்று தரச் சொல்லிக் கேளுங்கள்.