யாரைக் கேட்டுக் கோதுமையை நிறுத்தினீர்கள்?

"வயது 34. புதுச்சேரி ஒயிட் டவுன் உணவகங்களில் வெள்ளை சாஸ் பாஸ்தா சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, பேதியாகிறது. வீட்டில் தக்காளி, பூண்டு போட்டுச் செய்தால் ஒன்றும் ஆவதில்லை. யூடியூப் பார்த்து, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாமை என்று மூன்று வாரமாகக் கோதுமையை நிறுத்திவிட்டேன். நானாகவே தினமும் பான்டோபிரசோல் என்ற அமிலக் குறைப்பு மாத்திரை போடுகிறேன். நாக்கில் வெள்ளை படிகிறது, ஏப்பம் வருகிறது. நான்கு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 9.2-லேயே நிற்கிறது. குடல் புற்றுநோயாக இருக்குமோ?"
- வாசகி, லாஸ்பேட்டை

கடைப் பாஸ்தாவுக்கு மட்டும் வந்து, வீட்டுப் பாஸ்தாவுக்கு வராத உப்புசத்தைப் பார்த்துப் புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். நாக்கையும் ஏப்பத்தையும் விட்டுத் தள்ளுங்கள்.

இரண்டு பாஸ்தாவும் கோதுமைதான். வித்தியாசம் பாலில் இருக்கிறது. வெள்ளை சாஸ் என்பது வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிக் காய்ச்சுவது. அதன்மேல் க்ரீம் வேறு. ஒரு தட்டில் ஏறக்குறைய ஒரு டம்ளர் பால் உள்ளே போய்விடும். 250 மில்லி பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. நம்மில் பலருக்கு வயது ஏற ஏற அதைச் செரிக்கும் என்சைம் குறைந்துவிடும். தயிர் ஒத்துக்கொண்டு, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் இதே தொல்லையைத் தந்தால் காரணம் அதுதான்.

வெள்ளைப் பாஸ்தாதான் வேண்டுமென்றால் ரோம்காரர்கள் செய்வதுபோல் செய்யுங்கள். அங்கே ஆல்ஃபிரெடோ என்ற வெள்ளைப் பாஸ்தாவில் க்ரீம் கிடையாது. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. வெந்ததும் அடுப்பை அணைத்து, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், 30 கிராம் துருவிய பார்மெசான் சீஸ், கொஞ்சம் பாஸ்தா வெந்த நீர் சேர்த்துக் கிளறுங்கள். அடுப்பு எரியும்போதே சீஸைப் போட்டால் திரிந்து நூல் நூலாக ஒட்டும். மாதக்கணக்கில் பழுத்த பார்மெசானில் லாக்டோஸ் இல்லையென்றே சொல்லலாம்.

இனி, கடிதத்தின் கடைசியில் எழுதிய ஹீமோகுளோபின் வரிக்கு வருகிறேன். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். ஒழுங்காக இரும்பு மாத்திரை சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். நான்கு மாதமாக அசையவில்லை என்றால் இரும்பு உடலில் சேரவில்லை, அல்லது எங்கேயோ ரத்தம் போகிறது. உங்கள் வயதில் பெரும்பாலும் அதிக மாதவிடாய்ப் போக்குதான். மாத்திரையோடு டீ, பால், கால்சியம் எடுத்தாலும் சேராது. நீங்களாகத் தொடங்கிய அந்தப் பான்டோபிரசோலும் இரும்பைக் குடலில் ஏறவிடாது, நிறுத்துங்கள். சில நாளோ, சில வாரமோ நெஞ்செரியலாம், பிறகு அடங்கும்.

குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயிலும் இப்படி ரத்தசோகை வரும். வட இந்தியாவைவிட நம் பக்கம் குறைவு, ஆனாலும் பார்த்தே ஆக வேண்டும். கோதுமையை நிறுத்தி அந்தச் சோதனையை நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள்: கோதுமை சாப்பிடாதவருக்கு நோய் இருந்தாலும் ரத்தத்தில் இல்லையென்று வரலாம். குறைந்தது ஆறு வாரம் தினமும் இரு வேளை கோதுமை சாப்பிட்ட பிறகே டிடிஜி ஐஜிஏ என்ற சீலியாக் ரத்தப் பரிசோதனை.

உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனைக்கும், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் சோதனைக்கும் ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஜிப்மர் மருத்துவமனையிலோ உங்கள் மருத்துவரிடமோ காட்டுங்கள். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது சகஜம். தார்போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றம் அடித்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சீலியாக் சோதனை முடியும்வரை சப்பாத்தி, பாஸ்தா எதுவானாலும் சாப்பிடுங்கள். சாஸ் மட்டும் தக்காளியாக இருக்கட்டும்.