ஜெர்மன் போர்க்கால ஃப்ளேர் தோட்டாவும் பையும்: அசலா, போலியா? – கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகள் சமிக்ஞைக்கும் இரவு வெளிச்சத்துக்கும் சுட்ட ஃப்ளேர் தோட்டாக்கள், அவற்றை வைக்கும் பைகள் பற்றி வந்த கேள்விகளை ஒரே இடத்தில் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, டோர்ட்முண்டில் சந்தையில் ஒரு அலுமினியத் தோட்டா வாங்கினேன். வாய் மூடியிருக்கிறது. அசலா என்று எப்படிப் பார்ப்பது?

அசலா போலியா என்பது அப்புறம். முதலில் அதை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். வாய் மூடியிருக்கிறது என்றால் உள்ளே மருந்து இருக்கலாம். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட், பச்சைக்கு பேரியம் நைட்ரேட், இவற்றோடு மக்னீசியப் பொடி. ஈரம் பட்ட மக்னீசியம் ஹைட்ரஜன் வாயுவை விடும். எண்பது வருடம் பழசான மருந்து எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

அடியில் நடுவே இருக்கும் பிரைமரில் (ஊசி குத்தியதும் தீப்பொறி கிளப்பும் சின்ன மூடி) பள்ளம் இருந்தால் சுட்டது என்று பலர் நம்புகிறார்கள். அது போதாது. குத்தியும் வெடிக்காமல் போன தோட்டாவிலும் அதே பள்ளம்தான் இருக்கும். வாய் திறந்து, உள்ளே காலியாக, அடிவரை வெளிச்சம் போனால் மட்டுமே வெறும் கூடு. மற்றபடி ஆட்டாதீர்கள், துளை போடாதீர்கள், காரில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஜெர்மன் காவல்துறையின் அவசர எண்ணான 110-க்கு அழைத்துச் சொல்லுங்கள். காவல்துறை வெடிபொருள் அகற்றும் பிரிவான கம்ஃப்மிட்டல்ரோய்ம்டீன்ஸ்டை வரவழைக்கும். இனி வரும் பதில்கள் எல்லாமே காலிக் கூடுகளுக்கு மட்டும்தான்.

ஜெர்மன் நிறுவனமான வால்தர் செய்த ஃப்ளேர் துப்பாக்கியில் என் தோட்டா சரியாகப் பொருந்துகிறது. அப்படியென்றால் அசல்தானே?

இல்லை. அந்தத் துப்பாக்கியின் குழல் விட்டம் 26.65 மில்லிமீட்டர். போருக்கு முன்பும் இருந்த அளவு, போருக்குப் பின்னும் மேற்கு, கிழக்கு ஐரோப்பா இரண்டிலும் தொடர்ந்த அளவு. செக்கோஸ்லோவாக்கியாவில் பின்னாளில் செய்த அலுமினியத் தோட்டாக்கள் இதே குழலில் தாராளமாக நுழையும். அவற்றின் எழுத்தைச் சுரண்டிவிட்டு ‘வேர்மாக்ட்’, அதாவது போர்க்கால ஜெர்மன் ராணுவத்தின் பொருள், என்று விற்பது பழைய வித்தை. அடிப்பகுதியை ஒளி சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள். சுரண்டிய இடத்தில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரியும், அந்த இடம் மட்டும் லேசாகப் பள்ளமாக இருக்கும்.

பித்தளைக் கூடு என்றால் முதல் உலகப் போர்க் காலமாகவும் இருக்கலாம். 1942 என்ற தேதியோடு பளபளக்கும் பித்தளை வந்தால் நிதானமாக யோசியுங்கள்.

என்னுடைய கூட்டின் அடியில் ‘ஏசி 1938’ என்று இருக்கிறது. வால்தரின் குறி என்கிறார் விற்றவர்.

வால்தரின் குறி ‘ஏசி’ என்பது உண்மை. அதனால்தான் இது போலி.

உற்பத்தி எங்கே நடக்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ஜெர்மனி தொழிற்சாலைகளுக்கு ரகசியக் குறிகள் கொடுத்தது. சின்ன எழுத்துகளில் வரும் இந்தக் குறிகள் 1940-ல்தான் பொருட்களில் தென்படத் தொடங்கின. அதற்கு முன் வால்தரின் குறி 480 என்ற எண். ஆக, ‘ஏசி’யும் 1938-ம் ஒரே பொருளில் சேர முடியாது. இன்னொன்று, வால்தர் துப்பாக்கி செய்த நிறுவனம். தோட்டாவின் அடியில் அதன் குறி எதற்கு? வெடிமருந்துத் தொழிற்சாலைகளின் குறிகள் வேறு: மாக்டபுர்க்கின் போல்ட்டே என்றால் ‘ஏயூஎக்ஸ்’, லைப்சிக்கின் ஹாசாக் என்றால் ‘டபிள்யூஏ’. போலி செய்பவருக்கு ஏதாவது ஒரு பிரபலமான குறி தெரிந்திருக்கும், அதையே எல்லாவற்றிலும் அடிப்பார்.

முத்திரை அசலாக அடித்ததா, பிற்பாடு பொறித்ததா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் முடியும். அச்சால் அடித்த எழுத்தில் உலோகம் நசுங்கி ஓரத்தில் மெல்லிய கரை எழும்பியிருக்கும், பள்ளத்தின் சுவர் வழவழவென்று இருக்கும். லேசரால் பொறித்ததில் ஓரம் எழும்பாது, பள்ளத்தின் அடியில் கருகின மாதிரி நெருக்கமான கோடுகள் இருக்கும். அப்புறம், பள்ளத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சுற்றிலும் மங்கிய அலுமினியம், எழுத்துக்குள் மட்டும் வெள்ளி மாதிரி மின்னினால், எழுத்து நேற்று வந்தது.

கூடு நன்றாக இருக்கிறது, மேலே காகித லேபிளும் அப்படியே இருக்கிறது. விலை பல மடங்கு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். சுட்ட வெறும் கூடுகள் ஏராளம், விலையும் குறைவு. நல்ல லேபிளோடு வந்தால் விலை எகிறுகிறது. அதனால் அசல் கூட்டை எடுத்துப் போலி லேபிளை ஒட்டுகிறார்கள். கூட்டைச் சோதித்துவிட்டு நிம்மதியாகப் பணம் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

லேபிளைத் தனிப் பொருளாகப் பாருங்கள். லென்ஸில் எழுத்தின் விளிம்பு எப்படி இருக்கிறது? பழைய எழுத்தச்சில் மை ஓரத்துக்குப் பிதுங்கி, நடுவைவிட விளிம்பு கறுப்பாக இருக்கும், காகிதமும் லேசாக அமுங்கியிருக்கும். இன்க்ஜெட் என்றால் நிறப் புள்ளிகள் சிதறித் தெரியும். லேசர் பிரிண்டர் என்றால் எழுத்தைச் சுற்றித் தூசி மாதிரிக் கறுப்புத் துகள்கள்.

அடுத்து புற ஊதா விளக்கு. இருட்டறையில் அடித்துப் பாருங்கள். காகிதம் நீலவெள்ளையாகப் பிரகாசித்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது, அந்த வகைக் காகிதம் போருக்குப் பிந்தையது. ஒளிராவிட்டால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, பழைய புத்தகத்தின் வெற்றுத் தாளில் அச்சடிக்கிறவர்களும் உண்டு.

பழுப்பு எப்படிப் படிந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். வெளிச்சமும் காற்றும் பட்ட பக்கம் அதிகமாகவும், மறைந்திருந்த பக்கம் குறைவாகவும் பழுப்பது இயல்பு. டீத்தண்ணீரில் முக்கிய காகிதம் எல்லா இடத்திலும் ஒரே பழுப்பாக இருக்கும்.

எழுத்துப் பிழையும் காட்டிக்கொடுக்கும். ஜெர்மனில் ‘க்காக’ என்று பொருள்படும் ‘ஃபியூர்’ என்ற சொல்லில் ‘யு’ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வேண்டும். அது இல்லாமல் அச்சான லேபிள்களைப் பார்த்திருக்கிறேன். தேதியில் நாள் முதலில், மாதம் அப்புறம். மாதம் முன்னால் வந்தால் அமெரிக்கக் கைவண்ணம்.

தோல் பையின் உள்பக்கம் ‘ஆர்பிஎன்ஆர்’ என்று போட்டு நீளமான எண், கூடவே 1939. நல்ல பைதானே?

ரைஷ்பெட்ரீப்ஸ்நும்மர், அதாவது தொழிற்சாலைகளுக்கு ஜெர்மன் அரசு கொடுத்த அந்த எண், 1942-க்கு முன் கிடையாது. 1939 தேதியோடு அது வந்தால் பேச்சே வேண்டாம், விட்டுவிடுங்கள். முப்பதுகளில் தோல் பொருட்களில் செய்தவர் பெயரும் ஊரும் முழுசாக இருக்கும், பிறகு எழுத்துக் குறி வந்தது, கடைசியில் இந்த எண். மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை, ஒன்றோடொன்று கலந்து வந்த காலமும் உண்டு. ஆனால் வரிசை பின்னோக்கிப் போகாது.

என் பை தோலே இல்லை, கறுப்பு பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. குப்பையில் போட்டுவிடலாமா?

போட்டுவிடாதீர்கள்! தோல் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மானியர்கள் காகித நாரையும் பிசினையும் அழுத்தி ‘பிரெஸ்ஷ்டோஃப்’ என்ற மாற்றுத் தோல் செய்தார்கள். மடிப்பில் விரிசல் இருந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். நார் நாராகப் பிரிந்தால் பிரெஸ்ஷ்டோஃப். வழவழவென்று உடைந்திருந்தால் பிளாஸ்டிக். அசலைப் போலி என்று நினைத்துத் தூக்கிப் போடுவதும் ஒரு இழப்புதான்.

பையின் தையல் நூலை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

முடியும். பிய்ந்து தொங்கும் நுனியில் துளி மட்டும் வெட்டி, பையை விட்டுத் தள்ளிப்போய்க் கொளுத்துங்கள். பருத்தியும் லினனும் சாம்பலாகும். உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர் மாதிரியான செயற்கை நூல். பாலியெஸ்டர் நூல் சந்தைக்கு வந்ததே போருக்குப் பிறகு. ஆனால் பின்னாளில் யாரோ பழுது பார்த்த தையலாகவும் இருக்கலாம். எல்லாத் தையலும் அப்படியா, ஒரு மூலை மட்டுமா என்று பாருங்கள்.

‘இசட்’ முத்திரை உள்ள கம்ஃப்பிஸ்டோலெயும் (எறிகுண்டு சுடும்படி மாற்றிய ஃப்ளேர் துப்பாக்கி) அதற்கான தோட்டாவும் சேர்த்துத் தருகிறார்கள். வாங்கலாமா?

‘இசட்’ என்றால் குழலுக்குள் சுருள் வெட்டு இருக்கிறது என்று பொருள். உள்ளே வழவழப்பாக இருந்தால் சாதாரண ஃப்ளேர் துப்பாக்கியில் எழுத்தை மட்டும் அடித்திருக்கிறார்கள். தோட்டா விஷயம் வேறு. அது வெறும் ஃப்ளேராக இல்லாமல், வெடிக்கக்கூடிய எறிகுண்டாக இருக்கலாம். செயலிழக்கச் செய்ததற்கான அதிகாரபூர்வ சான்று இல்லாமல் தொடவே வேண்டாம்.

காலிக் கூட்டை பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கலாமா?

வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும். பாலிஷ் போட்டால் முத்திரையின் ஓரங்கள் மழுங்கும், வாயோரம் மிச்சமிருக்கும் வண்ணமும் போகும். எந்த நிற ஃப்ளேர் என்று சொல்லும் அடையாளங்களில் அந்த வண்ணமும் ஒன்று.