முகத்துக்குச் சம்பளமா, கைக்குச் சம்பளமா?

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் தங்கையும் இரட்டையர். கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஊர். சித்தூர் கல்லூரியில் தமிழ் பி.ஏ. முடித்தோம். சென்னை போகப் பணம் சேர்க்கக் கிடைத்த வேலையெல்லாம் செய்கிறோம். கல்யாண மண்டபங்களில் ஒரே மாதிரிப் புடவை கட்டி வாசலில் நிற்கிறோம். தென்னை ஏறும் பயிற்சி எடுத்து, மிஷினில் ஏறித் தேங்காயும் போடுகிறோம். இப்போது சென்னையில் ஓர் ஈவென்ட் கம்பெனி வேலை தருகிறது. இருவரும் சேர்ந்து வந்தால்தான் உண்டாம். தங்கைக்கு மரம்தான் பிடிக்கிறது. எனக்குச் சென்னை போயே ஆக வேண்டும். பிள்ளைகள் மரம் ஏறுவதால் அப்பா எங்களோடு பேசுவதே இல்லை. என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கம்பெனிக்குப் போகாதீர்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இருவருக்கும் சம்பளம் போகும். ஒருத்திக்குக் கல்யாணம் கூடிவந்தால் மற்றவளின் வேலையும் போகும். நீங்கள் ஒரே ஜாடையில் இருப்பதற்குத்தான் அங்கே காசு.

தேங்காய் போடுவதை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதில்தான் கண் நின்றது. மரம் ஏற ஆள் கிடைக்காமல் கேரளத் தோப்புக்காரர்கள் தவித்ததால்தான் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தெங்கின் சங்ஙாதிக்கூட்டம்' (தென்னையின் நண்பர்கள்) என்ற மரம் ஏறும் பயிற்சியைத் தொடங்கியது. அதில் பெண்களும் சேர்ந்தார்கள். அந்த மிஷினில் ஒரு காலைத் தூக்கும்போது, மறு காலின் கம்பி வளையம் உடல் பாரத்தில் மரத்தை இறுக்கிக்கொள்ளும். அது பிடித்துவிட்டதை உள்ளங்காலில் உணர்ந்த பிறகுதான் அடுத்த அடி. மேலே போனால் முற்றிய குலை எது என்று தெரிய வேண்டும், கொண்டையைச் சுத்தம் செய்ய வேண்டும். விரிந்த ஓலை கத்தரியால் வெட்டியது போல இருந்தால் காண்டாமிருக வண்டின் வேலை என்று சொல்லத் தெரிய வேண்டும். இதெல்லாம் படிப்புதான். உங்கள் தங்கை அதிலேயே இருக்க விரும்பினால் இருக்கட்டும். சென்னைக்குப் போகிறவள் அவளையும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

அப்பா விஷயம். கள் இறக்குகிற தோப்புகள் நிறைந்த சித்தூர் தாலுகாவில், மரம் ஏறுவது ஆண்களின் வேலை என்றே அவர் பார்த்து வளர்ந்திருப்பார். விழுந்துவிடுவீர்களோ என்ற பயமும் இருக்கும், அதைச் சொல்லத் தெரியாமல் பேசாமல் இருக்கிறார் என்று நினைக்கிறேன். விபத்துக் காப்பீட்டைப் புதுப்பித்து அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுங்கள். அப்புறம் ஒருநாள் தோப்புக்கு அழைத்துப் போங்கள். மழையில் மரம் வழுக்கினால் ஏறாமல் திரும்பிவிடுவோம் என்பதையும் சொல்லுங்கள்.

நீங்கள் தனியாகச் சென்னைக்குப் போங்கள். தமிழ் படித்தவர், மலையாளமும் சரளமாகப் பேசுவீர்கள். கேரளத்திலிருந்து ஏராளமான நோயாளிகள் வருகிற சென்னை மருத்துவமனைகளில் முதலில் கேட்டுப் பாருங்கள், இரண்டு மொழியும் பேசுகிற ஆள் அங்கே தேவை. உடனே வீடு பார்த்து அட்வான்ஸில் பணத்தைக் கரைக்க வேண்டாம். பணிபுரியும் பெண்களுக்கான தமிழக அரசின் 'தோழி' விடுதி தாம்பரத்தில் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

சேர்த்த பணம் ஒரே கணக்கில் இருந்தால் கிளம்பும் முன் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இதைத் தங்கையிடம் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். அம்மா மூலம் சொல்லி அனுப்பாதீர்கள்.