நான்கு பேர், மூன்று நாள் டிக்கெட்

கேள்வி: கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு தோழிகள் ஜனவரியில் கம்போடியா போய் அங்கோர்வாட் பார்க்க இருக்கிறோம். முதுகில் ஒரு பை, மலிவான விடுதி, பத்து நாள். மூன்று பேருக்கு வேலை இருக்கிறது, ஒருத்தி இன்னும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். கோயில்களைப் பார்க்க ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர் என்று தெரிந்ததும், “எனக்கு ஒரு நாள் போதும், மீதி நாள் ரூமில் இருக்கிறேன்” என்கிறாள். அவளுக்குத் தெரியாமல் நாங்களே பணம் போட்டுவிடலாமா? இல்லை, எல்லோருமே ஒரு நாளில் பார்த்துவிட்டு வரலாமா?
– திருச்சி வாசகி

பதில்: இரண்டுமே வேண்டாம், அம்மா.

தெரியாமல் பணம் போடுவதைப் பற்றி முதலில் சொல்கிறேன். இருபத்து மூன்று வயதில் அந்த நான்காவது தோழியாக நான் இருந்திருக்கிறேன். என் பங்கைத் தோழிகள் சொல்லாமல் கட்டியிருந்தார்கள். திரும்பி வரும் ரயிலில், கணக்கு நோட்டில் என் பெயருக்கு நேரே ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்ததைப் பார்த்தேன். அவர்கள் மனசு நல்ல மனசுதான். ஆனாலும் அதன் பிறகு இரண்டு வருஷம் அவர்கள் கூப்பிட்ட எந்த ஊருக்கும் நான் போகவில்லை. உங்கள் தோழிக்கு அந்த நிலை வர வேண்டாம்.

ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்பவர்கள் எதை இழக்கிறார்கள் என்று சொல்கிறேன். 12ஆம் நூற்றாண்டில் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்குக் கட்டிய கோயில் அங்கோர்வாட். மேற்குப் பார்த்த வாசல். விடியற்காலையில் குளத்தங்கரையில் கூட்டம் நெருக்கியடிக்கும். சூரியன் எழுந்ததும் பாதிப் பேர் காலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். நேரே உள்ளே நடந்து பின்பக்கம், கிழக்குச் சுற்று மண்டபத்துக்குப் போங்கள். காலை வெயில் அந்தச் சுவரில்தான் விழும்.

அங்கே பாற்கடல் கடையும் காட்சி ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. வாசுகியை ஒரு பக்கம் அசுரர்களும் மறுபக்கம் தேவர்களும் இழுக்க, நடுவில் திருமால், கீழே ஆமை. வால் பக்கம் ஒரு குரங்கும் சேர்ந்து இழுக்கிறது! மத்துக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள்: சுழலில் சிக்கிய மீன்களும் முதலைகளும் துண்டு துண்டாக அறுபட்டுக் கிடக்கும். பாட்டி சொன்ன கதையில் அந்த மீன்கள் இல்லை. சுவர் சில இடங்களில் எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும், அத்தனை காலம் அத்தனை கை பட்டிருக்கிறது. தொடாதீர்கள். இந்த ஒரு சுவருக்கே ஒரு மணி நேரம் வேண்டும். அதற்குப் பிறகு ஏழாம் ஜெயவர்மன் கட்டிய பாயோன் கோயிலின் கல் முகங்கள், மர வேர்கள் சுற்றிப் பிடித்த தா ப்ரோம் கோயில், நீங்கள் தங்கப்போகும் சியம் ரீப் நகரத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இளஞ்சிவப்புக் கல்லில் பந்தியாய் ஸ்ரீ கோயில். ஒரு நாளில் இத்தனையையும் பார்த்தால் கால் வலிதான் நினைவில் நிற்கும்.

அதனால் நால்வருமே மூன்று நாள் டிக்கெட் எடுங்கள். அது தொடர்ந்து மூன்று நாளாக இருக்க வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். ஒரு நாள் டிக்கெட்டை விட 25 டாலர்தான் கூடுதல். அந்த 25 டாலரை வேறு செலவில் பிடியுங்கள். பத்து நாளை ஏழாக்குங்கள். ஒருவருக்கு ஒரு கட்டில் என்று தரும் விடுதியில் தங்குங்கள். நால்வருக்கும் ஒரே டுக்-டுக் போதும். அங்கோர்வாட், பாயோன், தா ப்ரோம் மூன்றையும் சுற்றும் சின்னச் சுற்று 17 கிலோமீட்டர். சமதளம் என்பதால் ஒரு நாள் வாடகை சைக்கிளிலேயே போய்விடலாம்.

பாங்காக் வரை மலிவு விமானம், அங்கிருந்து பஸ் என்று யோசித்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். 2025இல் தாய்லாந்து–கம்போடியா மோதலில் எல்லைச் சாலைகளை மூடிவிட்டார்கள். இப்போதைய நிலவரம் தெரியாமல் அந்த வழிக்குப் பணம் கட்டாதீர்கள். தோளும் முழங்காலும் மூடுகிற உடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அங்கோர்வாட்டின் மேல் அடுக்குக்கு ஏற விட மாட்டார்கள். கிழிந்த டாலர் நோட்டை அங்கே கடைக்காரர் வாங்க மாட்டார். தொலைவில் உள்ள கோயில்களுக்குப் போனால் நடைபாதையை விட்டு இறங்கவே கூடாது. போர்க்காலக் கண்ணிவெடிகளை அந்த நாட்டில் இன்னும் முழுதாக அகற்றி முடிக்கவில்லை.

இந்த வாரமே அவளைத் தனியாகப் பார்த்து, “உன்னால் மொத்தம் எவ்வளவு முடியும்?” என்று கேளுங்கள். அவள் சொல்கிற தொகையை நோட்டில் முதல் வரியாக எழுதி, பயணத்தை அதற்குள் போடுங்கள். அப்படியும் பற்றாமல் போனால், அவள் முகத்தைப் பார்த்து, “கடனாகத் தருகிறோம், வேலை கிடைத்ததும் கொடு” என்று சொல்லுங்கள். அதையும் அந்த நோட்டிலேயே அவள் கையால் எழுதச் சொல்லுங்கள்.